மனம் தளர்ந்திருக்கும் மாணவரிடம் நேரடியாகக் கேட்கலாமா? வீட்டுக்குச் சொல்லலாமா?

கேள்வி: தாம்பரம் விரிவுரையாளர்

வணக்கம். சென்னையின் தென்புறத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் துறையில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது மாணவர்களை ஒப்படைத்து, அவர்களுக்கு நாங்கள்தான் மென்டர் என்று ஆணை போட்டிருக்கிறார்கள். நடைமுறையில் வருகைப்பதிவைச் சரிபார்ப்பதும், அகமதிப்பெண் தாளில் கையெழுத்து வாங்குவதும், இரண்டில் எது குறைந்தாலும் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வதுமே அந்தப் பொறுப்பு. இதற்கு மேல் எங்களுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை.

என் பொறுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இருக்கிறார். தென் மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவர், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டியவர், விடுதியில் தங்கியிருக்கிறார். தமிழ் வழியில் படித்துப் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு முதலாண்டில் மூன்று அரியர் விழுந்துவிட்டது. சில வாரங்களாக வகுப்புக்கு வருவதில்லை. மெஸ்ஸுக்கும் சரியாகப் போவதில்லை என்றும், பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார் என்றும் அறைத் தோழர் சொல்கிறார். பொறியியல் வரைபடத்துக்கான மினி டிராஃப்டரை ஜூனியருக்குக் கொடுப்பது எல்லா மாணவர்களும் செய்வதுதான். இவரோ அடுத்த மாதத் தேர்வுக்கே தேவைப்படும் கால்குலேட்டரையும் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. அழைத்துப் பேசினேன். அதிகம் பேசவில்லை. “நான் படிப்பதால் வீட்டுக்குக் கடன்தான் மிச்சம், நான் இல்லாவிட்டால் தங்கையையாவது நிம்மதியாகப் படிக்க வைப்பார்கள்” என்று மட்டும் சொன்னார். வீட்டில் சொல்லிவிட வேண்டாம் என்றும் கெஞ்சினார்.

துறைத் தலைவரோ பெற்றோரை வரச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் விசாரணையில் உங்கள் பெயர்தான் முதலில் வரும், எதற்கு வம்பு என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். நானாகத் தற்கொலை என்ற பேச்சை எடுத்தால், இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாகிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற மனநலச் சமூகப் பணியாளர், அயனாவரம்

அம்மா, இதைப் படித்த இன்றே அந்த மாணவரை மீண்டும் சந்தியுங்கள். தான் குடும்பத்துக்குப் பாரம் என்ற பேச்சும், தேவையான பொருளையே கொடுத்துவிடுவதும், உறக்கமும் உணவும் கெட்டிருப்பதும் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கின்றன. இதைச் சோம்பல் என்றோ படிப்பில் அக்கறையின்மை என்றோ கடந்துபோக இடமில்லை.

உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். நேரடியாகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் உருவாவதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்ட விஷயம். ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாகப் போராடிக்கொண்டிருப்பவருக்கு, ஒருவர் முகம் சுளிக்காமல் கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆறுதலாக இருக்கும். கேட்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். “தப்பாக எதுவும் யோசிக்கவில்லையே?” என்றுதான் நம்மில் பலர் கேட்கிறோம். அது ‘இல்லை’ என்ற பதிலை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி. மாணவரும் நம்மைத் திருப்திப்படுத்த ‘இல்லை மேடம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அதற்குப் பதிலாக, “இவ்வளவு கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் சில நேரம் செத்துப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றும், உனக்கு அப்படித் தோன்றுகிறதா?” என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். பதில் வர நேரம் பிடிக்கும்.

ஆம் என்றால் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அம்மாவை நினைத்துப் பார், உன்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் எத்தனை பேர் என்பன போன்ற பேச்சுகள், ஏற்கெனவே குற்ற உணர்வில் குன்றியிருப்பவரை இன்னும் குன்றச் செய்யும். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது, எப்படி, எப்போது என்று ஏதாவது தீர்மானித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றதுண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். தீர்மானம் இருக்கிறது என்றால் ஒரு நிமிடம்கூட அவரைத் தனியே விடக் கூடாது. நீங்களோ வார்டனோ உடன் சென்று, பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். எண்ணம் மட்டும்தான் என்றால், ஓரிரு நாளுக்குள் மனநல மருத்துவர் ஒருவர் பார்க்கும்படி ஏற்பாடு செய்யலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவில் கட்டணம் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டால் வீட்டார் பயப்படுவார்கள் என்றால், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அங்கே மற்ற நோயாளிகளோடு அவரும் ஒருவராகச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

14416 என்ற எண்ணை அவருடைய கைப்பேசியில் நீங்கள் முன்னிருக்கும்போதே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. நாள் முழுவதும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நம் ஊரில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. நீங்களே முதலில் அழைத்து, என் மாணவர் ஒருவர் இப்படி இருக்கிறார், நான் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். நெருக்கடியில் இருப்பவர் மட்டும்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை.

வாக்குறுதி பற்றி ஒரு சொல். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன், ஆனால் யாரிடம், என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில், இப்படிச் சொன்ன பிறகு பேச மறுத்தவர்கள் மிகக் குறைவு.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. ஒரு நாள் உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசி, கண்ணீரைத் துடைத்து அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் கல்லூரிகளில் நினைக்கிறார்கள். தொடக்கம் மட்டுமே அது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பிரேசில், இலங்கை, ஈரான், சீனா ஆகிய நாடுகளின் ஊர்களோடு நம் சென்னையும் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 2008இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேர விளக்கமும், பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற விசாரிப்பும் அளித்தார்கள். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 விழுக்காடு. விலையுயர்ந்த மருந்தோ கருவியோ அதில் இல்லை. முதல் மாதங்களில் அடுத்தடுத்தும், பிறகு இடைவெளி விட்டும், விட்டுவிடாமல் ஒருவர் தொடர்பில் இருந்தார் என்பதுதான் வேறுபாடு. உங்கள் மாணவர் அந்த நிலைக்குப் போகவில்லை. ஆனாலும் மென்டர் என்ற பதவிக்கு ஏதாவது பொருள் உண்டென்றால், அது இந்த விசாரிப்புதான் என்பது என் கருத்து.

பதில்: சிறுசேரி மென்பொருள் பணியாளர்

நானும் அதே மாதிரியான ஒரு கல்லூரியில், அதே மாதிரியான விடுதியில், ஐந்து அரியரோடு இருந்தவன். மேலே ஐயா சொன்ன மருத்துவ விஷயங்களில் நான் தலையிடவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எது பயம் என்பதைச் சொல்ல முடியும்.

பெற்றோரை அழைத்து வா என்பது எங்கள் காலத்தில் தண்டனையாகத்தான் இருந்தது. அப்பா வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, இரவெல்லாம் பேருந்தில் வந்து, கோயம்பேட்டில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, துறைத் தலைவர் அறைக்கு வெளியே கைகட்டி நிற்பார். உள்ளே அவர் கேட்கும் வார்த்தைகளை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்கும். அரியர் விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நமக்காக அவர் தலைகுனிந்து நிற்பதைத் தாங்க முடியாது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று உங்கள் மாணவர் கெஞ்சுவதில் பாதி இந்தக் காட்சிக்காகத்தான் இருக்கும். ஆகவே சொல்வதா வேண்டாமா என்பதோடு, வீட்டில் யாருக்கு முதலில் சொன்னால் உனக்குச் சரியாக இருக்கும் என்றும் அவரிடமே கேளுங்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அப்பாவிடம் போகாத செய்தி தாய்மாமாவிடம் போகும், அல்லது கட்டிக்கொடுத்த அக்காவிடம் போகும். அழைத்துப் பேசும்போதும் மதிப்பெண்ணையும் வருகைப்பதிவையும் எடுக்காமல், உடம்பு சரியில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும், கூட யாராவது இருந்தால் நல்லது என்று தொடங்குங்கள். அது பொய்யில்லை.

இன்னொன்று, அவருக்கு விதிமுறைகள் தெரிந்திருக்காது. மூன்று அரியர் என்றால் வாழ்க்கையே முடிந்தது என்று விடுதியில் யாராவது சொல்லியிருப்பார்கள். அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரிகளில் ஒவ்வொரு பருவத் தேர்வோடும் பழைய தாள்களை எழுதலாம். நான்காண்டுப் படிப்பை முடிக்க ஏழாண்டு வரை காலம் இருக்கிறது. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும், மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை விலக்குக்கு வழியுண்டு, மனநல மருத்துவர் தரும் சான்றும் மருத்துவச் சான்றுதான். முடியவே முடியாது என்றால் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, பிறகு அதே படிப்பில் வந்து சேர விண்ணப்பிக்கலாம். டி.சி. வாங்கிக்கொண்டு போவதும் இதுவும் ஒன்றல்ல, துறைத் தலைவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதிகள் சற்று மாறும், தேர்வுப் பிரிவில் கேட்டு உறுதிசெய்து, ஒரு தாளில் எழுதியே கொடுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வழி இருப்பது எவ்வளவு தூக்கத்தைத் திருப்பித் தரும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பதில்: உயர் நீதிமன்ற வழக்கறிஞர்

போலீஸ் பற்றிய அச்சத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமையிலிருந்து தடுக்கும் நோக்கத்தோடு முயல்வது மட்டும் தனிக் குற்றமாக இருக்கிறது, மாணவர்களுக்கு அது பொருந்துவது அரிது. மருத்துவமனையில் எம்.எல்.சி., அதாவது சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு, என்று பதிவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது மருத்துவமனையின் பதிவு முறை, குற்ற வழக்கு அல்ல. அந்தப் பதற்றத்தில் சிறு மருத்துவமனைகளைத் தேடி அலைந்து நேரத்தை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். உங்கள் மாணவர் விஷயத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை, எண்ணம் இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

விஷயம் தெரிந்தும் ஒதுங்கி நிற்பவரைவிட, கேட்டு, குறித்துவைத்து, மருத்துவரிடம் அனுப்பிய ஆசிரியரே பின்னாளில் எந்த விசாரணையிலும் பாதுகாப்பான இடத்தில் இருப்பார் என்பதை உங்கள் சக ஊழியர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் செய்ததைத் தேதியோடு சுருக்கமாக எழுதிவையுங்கள். மாணவர் மனம் விட்டுச் சொன்ன அந்தரங்கங்களை அதில் எழுத வேண்டாம்.

நிர்வாகத்துக்கும் ஒன்று நினைவூட்ட வேண்டும். 2025 ஜூலை 25 அன்று, ஆந்திரத்தில் நீட் பயிற்சிக்குச் சென்றிருந்த மாணவி ஒருவர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும், டெலி மானஸ் எண்ணை விடுதி முதல் இணையதளம் வரை எல்லா இடத்திலும் எழுதிவைக்க வேண்டும். இவற்றில் கடைசியானதை மட்டும் எல்லாரும் உடனே செய்துவிடுகிறார்கள், சுவரொட்டிக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை அல்லவா. உங்களுக்குப் பயிற்சி தரப்படவில்லை என்பதை முதல்வருக்குக் கடிதமாகவே எழுதலாம், அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டியே கேட்கலாம்.

இது தனிமனிதர்களின் மன உறுதி சார்ந்த விஷயம் என்று ஒதுக்குபவர்களுக்காகவும் சில வரிகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து 1,416 பேரோடு தமிழகம் இரண்டாம் இடத்தில் இருந்தது. விதிகளை மாற்றி இந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியும் என்ற நம்பிக்கை நம் மாநிலத்திலேயே செயலுக்கு வந்திருக்கிறது. பொதுத்தேர்வில் தவறியவர் ஓராண்டு வீட்டில் முடங்கிக் கிடக்காமல் அடுத்த சில வாரங்களிலேயே எழுதும் துணைத்தேர்வுக்குப் பின்னால், சினேகாவின் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் உள்ளிட்டோரின் வற்புறுத்தல் இருந்தது. 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு கைவிட்டது. பள்ளிகளுக்கு இவ்வளவு செய்ய முடிந்தபோது, பொறியியல் கல்லூரியின் வருகைப்பதிவு விதியை மனிதத்தன்மையோடு நடைமுறைப்படுத்துவது கடினமில்லை.

கேள்வியாளர் மீண்டும்: தாம்பரம் விரிவுரையாளர்

மூவருக்கும் என் நன்றி. அன்று மாலையே பேசினேன். நேரடியாகக் கேட்டபோது வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணம் வருவதுண்டு என்றும், எதுவும் தீர்மானிக்கவில்லை என்றும் சொன்னார். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்றதும் தாய்மாமாவின் பெயரைச் சொன்னார். மாமா வந்து, இருவரும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் சென்று வந்தார்கள். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தூக்க மாத்திரையாக இருந்து பழகிவிடுமோ என்று மாமா கவலைப்படுகிறார். அறைத் தோழர் இரவெல்லாம் விழித்து அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இனி நான் எந்த அளவுக்கு இதில் இருக்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற மனநலச் சமூகப் பணியாளர், அயனாவரம்

நல்ல செய்தி. மாத்திரை எது என்று எனக்குத் தெரியாது என்பதால் பொதுவாகச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் போதையைப் போல் அடிமையாக்குபவை அல்ல. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றோ, பிறகு நன்றாகிவிட்டது என்றோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களில் சிலருக்கு மருந்து தொடங்கிய ஆரம்ப நாட்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும் என்பதால், அந்த வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அப்படித் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். மாத்திரைகளை மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல், வார்டனோ மாமாவோ சில நாட்களுக்கு உரியதை மட்டும் கொடுப்பது நல்லது.

அறைத் தோழரை உடனே அந்தக் காவலிலிருந்து விடுவியுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை சுமக்கக்கூடிய பொறுப்பல்ல அது. இரவில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் எந்த நேரமானாலும் வார்டனை எழுப்பலாம் என்ற அனுமதியும், வார்டனின் எண்ணும் அவருக்குப் போதும். இயன்றால் முதல் சில வாரங்களுக்கு மாமா ஊருக்கு அழைத்துப் போய் வைத்திருக்கட்டும், அல்லது சென்னையில் உறவினர் வீடு இருந்தால் அங்கே இருக்கட்டும். அந்தத் தோழரிடமும் ஒரு முறை நீங்கள் தனியே பேசுங்கள், அவருக்கும் தூக்கம் கெட்டிருக்கிறது.

உங்கள் பங்கு மருத்துவம் பார்ப்பதல்ல. இப்போதைக்கு வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை என்று நாள்காட்டியில் குறித்துவைத்து அவரை விசாரியுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அடுத்த சீட்டு எப்போது என்ற அளவு போதும், ஐந்து நிமிடம் போதும். எல்லா நேரமும் நோயைப் பற்றியே பேச வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை அந்த நேரடிக் கேள்வியையும் மீண்டும் கேட்கத் தயங்காதீர்கள். நீங்கள் விடுப்பில் போனால் யார் விசாரிப்பார் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தேர்வு முடிந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதுதான் பெரும்பாலும் சிகிச்சை அறுந்துபோகிறது. போவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, நோய் விவரமும் மருந்தும் எழுதிய கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. அவருடைய மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்தக் கடிதத்தைக் காட்டினால் அங்கேயே மருந்தைத் தொடரலாம். எந்தக் கிழமைகளில் மனநல மருத்துவர் இருப்பார் என்பதை மாமா முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளட்டும். முடிவுகள் வெளியாகும் நாள் விடுமுறையில்தான் வரும், அன்று காலையில் அவரை நீங்களே அழைத்துவிடுங்கள்.